பத்து நிமிடம் ஓடி நின்றுபோகும் படகு இன்ஜின்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆற்றங்கரையிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்தான், இன்ஜின் நடு ஆற்றில் நிற்கிறது. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் படகு இன்ஜினுக்கே ஒதுக்கிவிட்டேன். பைக், லாரி கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, வணக்கம். நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கிரியான் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கத் தூண்டில் போடுவதுதான் இப்போது பொழுதுபோக்கு. அதற்காக ஒரு சின்ன ஃபைபர் படகும் 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இன்ஜினும் பழையதாக வாங்கினேன். இன்ஜினுக்கு இரண்டு சிலிண்டர், வயது இருபதைத் தாண்டிவிட்டது. காலையில் இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் மூச்சு வாங்குவதுபோல இழுத்து இழுத்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி பிடிக்கும், மறுபடி நிற்கும். பிளக் மாற்றியாயிற்று. கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று. பட்டறையில் கேட்டால், பழசு ஐயா, இனி சரிவராது, புதுசு வாங்குங்க என்கிறார்கள். அவ்வளவு காசுக்கு நான் எங்கே போவேன்? இதைச் சரிசெய்யவே முடியாதா?

பதில்: ஐயா, புதுசு வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை இன்ஜின் மூச்சு வாங்கத் தொடங்கியதும், நிற்பதற்கு முன்பே, பெட்ரோல் தொட்டியின் மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது என்றால் மூடியையே தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, இன்ஜினும் தெளிந்து ஓடத் தொடங்கினால் உங்கள் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

ஏன் அதை முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் எல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. இரண்டு இழுப்பில் பிடிக்கிற இன்ஜினுக்குக் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது, பிளக்கில் நெருப்பு வருகிறது, பத்து நிமிடத்துக்குப் பெட்ரோலும் ஒழுங்காகப் போகிறது. அதற்குப் பிறகு என்ன குறைகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சீனியுள்ள பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஒழுகிவிட்டு நின்றுவிடும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் வழியும், கோப்பிக் கடையில் எல்லோரும் பார்த்திருப்போம். தொட்டியின் காற்றுத் திருகு அந்த இரண்டாவது ஓட்டை. அது மூடியிருந்தாலோ, உப்பும் அழுக்கும் ஏறி அடைத்திருந்தாலோ, பெட்ரோல் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகும். இன்ஜினின் சின்னப் பம்பால் ஒரு கட்டத்துக்கு மேல் அதை எதிர்த்து இழுக்க முடியாது. நின்றபிறகு மூடியின் மரை வழியாக மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும், அதனால்தான் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பிடிக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், தொட்டி நிறைய இருக்கும் நாளில் சீக்கிரமும் பாதி இருக்கும் நாளில் தாமதமாகவும் நிற்கிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு, வெற்றிடம் வேகமாக ஏறும்.

காற்றுத் திருகு சரியாக இருந்தும் நின்றால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்து. ஸ்டார்ட் செய்யும் முன் நாம் கையால் பிசைகிறோமே அதுதான். படகைத் துறையில் முன்னும் பின்னும் நல்ல கயிறு போட்டுக் கட்டிவிட்டு, தண்ணீருக்குள் சுற்றும் காத்தாடிப் (புரொப்பெல்லர்) பக்கம் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, இன்ஜினைக் கியரில் போட்டு மிதமான வேகத்தில் ஓடவிடுங்கள். கூட ஒருவர் பந்தின் மேல் கை வைத்திருக்கட்டும். மூச்சு வாங்கும் நேரத்தில் பந்து சப்பையாக உள்வாங்கியிருந்தால் அடைப்பு பந்துக்கும் தொட்டிக்கும் இடையில் இருக்கிறது: காற்றுத் திருகு, தொட்டிக்குள் இறங்கும் குழாயின் வலை, இல்லாவிட்டால் பழைய ரப்பர் குழாயின் உள்தோல் உரிந்து மடங்கியிருக்கும். இந்த உள்தோல் சமாச்சாரம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, குழாய் புதிதுபோலவே இருக்கும். பந்து உள்வாங்காமல் வெறுமனே தொளதொளவென்று இருந்து, நீங்கள் பிசைந்துகொடுத்தால் இன்ஜின் உயிர் பெற்று ஓடி, பிசைவதை விட்டதும் மறுபடி தளர்ந்தால், ஒன்று வழியில் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது அல்லது இன்ஜினின் பெட்ரோல் பம்ப் பலவீனமாகிவிட்டது.

காற்று உறிஞ்சும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பலரைப் படாதபாடு படுத்துகிறது, ஏனென்றால் அங்கே பெட்ரோல் ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாது. பம்ப் இழுக்கும் பக்கம் என்பதால் கசிவு உள்நோக்கித்தான் நடக்கும். குழாயை இன்ஜினில் மாட்டும் இணைப்பில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், வெயிலில் காய்ந்து தட்டையாகிப்போன வளையத்தை நான் இதுவரை பார்த்த பழைய படகுகளில் ஏராளமாகப் பார்த்துவிட்டேன். குழாய் முனைகளில் இருக்கும் கிளிப், பந்துக்குள் இருக்கும் இரண்டு வால்வு, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஒவ்வொன்றாக நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்துப் படகுக்காரரிடம் இதே மாதிரி இணைப்புள்ள தொட்டியையும் குழாயையும் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதில் நிற்காமல் ஓடினால் இன்ஜினில் ஒரு ஸ்குரூகூடத் தொடத் தேவையில்லை, புதுக் குழாயும் பந்தும் வாங்கினால் போதும். பந்தை மாட்டும்போது அதன் மேல் இருக்கும் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், பிசையும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டால் வால்வு ஒழுங்காக வேலை செய்யும்.

இரவல் தொட்டியிலும் நின்றால் பம்ப். உங்கள் இன்ஜினில் கிராங்க் கேஸுக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தை வைத்துத்தான் அந்தப் பம்ப் வேலை செய்கிறது. உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. இருபது வருடச் சவ்வு விறைத்துப்போயிருக்கும் அல்லது ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும். சவ்வும் காஸ்கெட்டும் சேர்ந்த கிட் தனியாகவே கிடைக்கும், இன்ஜின் விலையோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை.

இனி, பெட்ரோல் பக்கம் எல்லாம் சரி, பிசைந்தாலும் உயிர் வரவில்லை என்றால் நெருப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் நிற்கும் விதமே பாதியைச் சொல்லிவிடும் ஐயா. பெட்ரோல் பற்றாமல் நிற்கும் இன்ஜின் நீங்கள் சொன்னதுபோல இழுத்து இழுத்துத்தான் நிற்கும். நெருப்பு அறுந்து நிற்கும் இன்ஜின் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். பட்டென்று நின்று, ஆறியபிறகு மட்டும் பிடித்தால் சூட்டில் கோளாறாகும் காயிலாக (பிளக்குக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) இருக்கலாம், இல்லாவிட்டால் அந்த மின்சாரத்தை நேரம் பார்த்து விடும் சி.டி.ஐ. பெட்டி. குளிர்ந்திருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும், சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்டாப் பட்டனுக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். அதில் உப்பு ஏறியோ உரசியோ இன்ஜினின் இரும்பு உடம்பில் பட்டால் நெருப்பு அங்கேயே நின்றுபோகும். சோதனைக்காக அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம், அப்போது சோக்கை இழுத்துத்தான் இன்ஜினை நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் துறையில் கட்டி வைத்து மட்டும் செய்யுங்கள், முடிந்ததும் கட்டாயம் திரும்ப மாட்டிவிடுங்கள். அது இல்லாமல் ஆற்றில் இறங்கக் கூடாது.

சூட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இன்ஜினின் பின்புறம் பீய்ச்சிக்கொண்டு வரும் தண்ணீர்க் கோடு மெலிந்தோ நின்றோ போனால் உடனே அணைத்துவிடுங்கள். நம் ஆறுகளில் சேறும் மணலும் அதிகம், தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரம் தேயும். பழைய இன்ஜின் வாங்கினால் கேள்வி கேட்காமல் முதலில் மாற்ற வேண்டியது அது. வெளியே பீய்ச்சும் துவாரம் மட்டும் சேற்றில் அடைத்திருப்பதும் உண்டு, இன்ஜினை அணைத்துவிட்டு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்.

புதுசு வாங்கச் சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், கம்பிரஷன் அளந்து பார்த்தீர்களா என்று. இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் அந்த இன்ஜினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் பிஸ்டன், ரிங் விஷயம், அப்போது அவர் சொல்வதை யோசிக்கலாம். அளக்காமலேயே சொல்லியிருந்தால் வேறு பட்டறைக்குப் போங்கள். ஓய்வுக் காசில் வாங்கிய பொருளை ஒரு ரப்பர் வளையத்துக்காகப் பழைய இரும்புக் கடையில் போடச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: நம் நாட்டில் இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயில் பாமாயில் கலக்கிறார்கள், அதனால்தான் பழைய படகு இன்ஜின் எல்லாம் நிற்கிறது என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். நானே செம்பனை வெட்டுகிறவன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலையே படகுக்கும் கலக்கலாமா? (வாசகர், பாரிட் புந்தார்)

பதில்: பாமாயிலிலிருந்து செய்த பயோடீசலைக் கலப்பது டீசலில். நீங்கள் படகுக்கு ஊற்றுவது பெட்ரோல், அதற்கும் செம்பனைக்கும் சம்பந்தம் இல்லை. பெட்ரோலில் உங்களுக்கு எதிரி தண்ணீர்தான். பாதித் தொட்டியோடு வாரக்கணக்கில் கிடந்தால் உள்சுவரில் வேர்த்து இறங்கும், மழையில் மூடி வழியாகவும் போகும். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அசையாமல் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். குழாயில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டிக்கொள்வது நல்ல செலவு.

ஆயில் விஷயத்தில், வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஆயில் காற்றில் குளிரும் சூடான இன்ஜினுக்காகச் செய்தது. படகு இன்ஜின் ஆற்றுத் தண்ணீரில் குளிர்கிறது, அதற்குச் சாம்பல் விடாத ஆயில் வேண்டும். போத்தலில் டி.சி.-டபிள்யூ3 என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு கலப்பது என்பதை உங்கள் இன்ஜினின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். பல இன்ஜின்களுக்கு 50க்கு 1, அதாவது 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி. மிகப் பழைய மாடல்கள் சிலவற்றுக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். கூட ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைத்து இஷ்டத்துக்கு ஊற்றினால் பிளக் கரி பிடித்து, அதனாலேயே நிற்க ஆரம்பிக்கும்.

கேள்வி: அண்ணே, எங்கள் படகு இன்ஜின் வேகமாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. துறைக்கு வந்து வேகத்தைக் குறைத்தால்தான் பிரச்சினை, கியரில் போட்டதும் செத்துவிடுகிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நிற்காமல் ஓடுகிறது. கோலசிலாங்கூர் துறையில் மின்மினிப் பூச்சி பார்க்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள், அவமானமாக இருக்கிறது. (வாசகர், புக்கிட் ரோத்தான்)

பதில்: தம்பி, சோக் இழுத்தால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும். அப்படிக் கூட்டினால் ஓடுகிறது என்றால் மெதுவான ஓட்டத்துக்குப் போகும் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு பொடி ஜெட் (பெட்ரோல் பாயும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு) இருக்கிறது, பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஆகி முதலில் அடைப்பது அதைத்தான். வேகமாக ஓடும்போது பெரிய ஜெட் பார்த்துக்கொள்வதால் ஒன்றும் தெரியாது. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர் உள்ள இன்ஜினாக இருந்தால் இரண்டையுமே பாருங்கள்.

கழற்றும் முன், காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியில் தட்டுகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே அளவுக்கு வெளியே எடுத்தால் தொடங்குவதற்குச் சரியாக இருக்கும். அடியில் தட்டியபிறகு இறுக்காதீர்கள், முனை கெட்டுவிடும். கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்து ஜெட்டை ஊறவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வட்டமாக ஒளி தெரிய வேண்டும். இரும்புக் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் ஜெட்டே மாற்ற வேண்டும். தூண்டில் பெட்டியில் இருக்கும் பொடித் தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) இதற்கு அருமையாக உதவும். ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், ஒரு துளைக்குள் அடித்தது இன்னொரு துளை வழியாக முகத்துக்கு நேரே வரும்.

சுத்தம் செய்தும் அதே கதை என்றால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் காஸ்கெட்டில் காற்று நுழைகிறதா பாருங்கள். காத்தாடியில் தங்கூசியோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருந்தாலும் கியரில் போட்டதும் நிற்கும். காத்தாடியைக் கழற்றியே பாருங்கள், பின்னால் சுற்றிய தங்கூசி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்துக் கியர் ஆயிலுக்குள் தண்ணீரை விட்டுவிடும், ஆயில் பால் நிறத்தில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இனிமேல் சில வாரம் படகை எடுக்கப் போவதில்லை என்றால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு வையுங்கள். அவமானம் ஒன்றும் இல்லை தம்பி, வேடிக்கை பார்ப்பவர்கள் படகுக்கும் இப்படித்தான் நடக்கும்.

கேள்வி: ஐயா, என் கணவரும் பன்னிரண்டு வயது மகனும் சனிக்கிழமை ஆனால் பெர்ணாம் ஆற்றில் மீன் பிடிக்கப் போய்விடுகிறார்கள். படகு இன்ஜின் பழசு, அடிக்கடி நிற்கிறது. சொன்னால் அவர் கேட்பதில்லை. எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் கரையில் இருந்துகொண்டு வயிற்றைக் கலக்குகிறது. நான் என்ன செய்ய முடியும்? (வாசகி, ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெர்ணாம் ஆற்றின் கீழ்ப்பகுதி கடல் ஏற்ற வற்றத்துக்கு ஆடும் ஆறு. வற்றும் நேரத்தில் இன்ஜின் நின்றால் படகு கடலைப் பார்த்துத்தான் போகும், பெரிய மீன்பிடிப் படகுகள் வரும் வழியும் அதுதான். நிற்கிற இன்ஜினைச் சரிசெய்யாமல் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவது தப்பு. இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள், நான் அவருக்குத்தான் எழுதுகிறேன்.

ஐயா, மேலே நிபோங் திபால் வாசகருக்குச் சொன்ன சோதனைகளை இந்த வாரம் துறையிலேயே வைத்துச் செய்துவிடுங்கள், பிள்ளை கரையில் நிற்கட்டும். சரியாகும்வரை தூண்டிலைக் கரையிலிருந்தே போடுங்கள். சரியான பிறகும் படகில் நங்கூரமும் நீளமான கயிறும் இல்லாமல் கிளம்பாதீர்கள். இன்ஜின் நின்றால் முதல் வேலை நங்கூரத்தைப் போடுவது, இன்ஜின் மூடியைத் திறப்பது அதற்கு அப்புறம்தான். பலர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதற்குள் படகு ஆற்றோர நீப்பாப் பனைப் புதரிலோ கப்பல் வழியிலோ போய் நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் போகக் கூடாது, சின்னப் படகு பின்னால் அமிழ்ந்து தண்ணீர் ஏறிவிடும். துடுப்பு இரண்டு, மாற்றுப் பிளக், அதற்கான ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் சுற்றி இழுக்க ஒரு தனிக் கயிறு, டார்ச் லைட், விசில், தண்ணீர் புகாத பையில் கைப்பேசி, இவ்வளவும் ஒரு வாளிக்குள் அடங்கிவிடும். அந்த வாளியால் படகுத் தண்ணீரையும் இறைக்கலாம். எஞ்சினை அணைக்கும் சிவப்புச் சுருள் கயிற்றை ஓட்டும்போது கையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ளுங்கள், நீங்கள் தவறி விழுந்தால் படகு பிள்ளையோடு போய்விடாமல் நிற்கும். அந்தக் கயிறு இல்லாத பழைய மாடல் என்றால் அந்த சுவிட்சைத் தனியாக வாங்கிப் பொருத்த முடியும்.

அம்மா, உங்களுக்கும் வேலை இருக்கிறது. அவர்கள் கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆறு எப்போது வற்றுகிறது என்பதையும் கேளுங்கள், துறையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சொன்ன நேரம் தாண்டி, கைப்பேசியிலும் பிடிக்க முடியவில்லை என்றால் இருட்டும்வரை காத்திருக்காமல் 999க்குக் கூப்பிட்டு நீங்கள் எழுதிவைத்ததை அப்படியே சொல்லுங்கள். மகனுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது அவனையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். பெரியவர்கள் அளவு வேண்டாம், தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்று போகும். அவன் எடைக்கு ஏற்றதைப் போட்டு எல்லாப் பட்டையும் மாட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் காதுக்கு மேல் ஏறினால் அது அவனுக்குப் பெரிது.